கோடு விழாத தட்டு

அண்ணைக்கு நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது. காலில் எறும்பு கடித்தாலும் சுடுநீர் பட்டாலும் கண்ணால் கண்டால்தான் உண்டு. சரக்குக் கப்பலில் வேலை செய்த காலத்தில், மூடாமல் விட்டிருந்த சரக்கறை வாயால் கீழே விழுந்தவர். முள்ளந்தண்டு மேல்பகுதியில் முறிந்துபோயிற்று. வேற்று நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் சில மாதங்கள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவரோடு ஒரு சக்கர நாற்காலியும், சலப்பைக்குள், அதாவது சிறுநீர்ப்பைக்குள், செருகிய ஒரு றப்பர்க் குழாயும் வந்தன. அந்தக் குழாய் வழியாகத்தான் சலம் இறங்கி, கட்டிலோரம் தொங்கும் பிளாஸ்ரிக் பையில் சேரும். மாதத்துக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். அண்ணி அதைப் பழகிக்கொண்டார்.

அவர்கள் இருப்பது வடமராட்சிக் கடற்கரையில். நான் உடுப்பிட்டியில் இருக்கிறேன். ஸ்கூட்டியில் போனால் கால்மணி நேரம். ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் நுண்ணுயிர்ப் பிரிவில் எனக்கு வேலை. சளி, சலம், சீழ் என்று எது வந்தாலும் அதைத் தட்டில் பூசி, உடம்புச் சூட்டில் வைத்து, மறுநாள் காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பேன். இருபது வருடமாக இதே வேலை. தட்டில் முளைப்பவற்றை நான் ஒருநாளும் வெறுத்ததில்லை, பயந்ததும் இல்லை. அண்ணையின் விஷயம் வரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

முதன்முதலில் நான் கண்டது ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிருக்கும். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. அண்ணை கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர், அதை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தார்.

"வருகுது" என்றார். உரத்துச் சொல்லவில்லை.

நான் கேற்றைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அண்ணி குசினியிலிருந்து ஓடிவந்தார். அண்ணையின் முன்னங்கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. கழுத்திலும் புல்லரித்திருந்தது. முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை பொலபொலவென்று இறங்கியது. ஆனால் போர்வைக்கு வெளியே கிடந்த கால்கள் இரண்டும் வெளிறிப்போய், எதுவுமே நடக்காததுபோல் கிடந்தன. ஓர் உடம்பில் இரண்டு பேர் இருந்ததுபோலவும், ஒருவர் எதையோ கண்டு பயந்துபோய் இருக்க மற்றவர் உறங்குவதுபோலவும் இருந்தது.

அண்ணி கையுறை போட்டுக்கொண்டு குழாயைக் கழற்றினார். இலேசில் வரவில்லை. வந்தபோது இரத்தமும் கொஞ்சம் வந்தது. புதுக்குழாயைச் செருகியதும் சலம் பாய்ந்து இறங்கியது. சில நிமிடத்தில் அண்ணையின் கை மயிர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு கிளினிக்கில் டொக்டர் விளக்கம் சொன்னார். சலப்பை அடைபட்டு நிரம்பும்போது உடம்பு தலைக்குச் செய்தி அனுப்பப் பார்க்கிறது. வழி முறிந்து கிடப்பதால் செய்தி போய்ச்சேராது. நரம்புகள் நிலைதடுமாறி இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். தலையிடி, வியர்வை, புல்லரிப்பு எல்லாம் அதனால்தான். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அண்ணிக்கு இந்த விளக்கம் நன்றாக விளங்கியது. விளங்கிய பிறகும் கோயிலில் நூல் வாங்கி வந்து அண்ணையின் மணிக்கட்டில் கட்டினார். உச்சி வெயிலில், சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், ஒரு மனிதன் "வருகுது" என்று சொல்வதை மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

கழற்றிய குழாயை நான் ஒருநாள் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகக் கல் படிந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் படியுமே, அதுபோல. நுனியில் இருந்த துவாரம் முழுக்க மூடியிருந்தது. நாங்கள் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னோம். அண்ணி போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார். அதற்குப் பிறகும் குழாய் அடைத்தது.

அடுத்த மாதம், நான் வேலையில் நிற்கும்போது அண்ணி அழைத்தார். "நீர் ஒருக்கா வாரும்" என்றதோடு வைத்துவிட்டார். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கட்டிலோரம் தொங்கிய பையை அவர் ஒரு துவாயால் மூடி வைத்திருந்தார். துவாயை எடுத்தேன். பை முழுவதும் கத்தரிப்பூ நிறம். குழாயும் பாதித் தூரத்துக்கு அதே நிறம். ஒரு பூவில் என்றால் அழகான நிறம்தான்.

"மனிசருக்குள்ளை இருந்து உந்த நிறம் வருமே?" என்று அண்ணி கேட்டார்.

வரும் என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டிலுள்ள புரதம் குடலில் உடைந்து, அதில் ஒரு பொருள் சலத்தோடு போகும். சில பற்றீரியாக்கள் அதை நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாற்றிவிடும். அந்தச் சாயம் பிளாஸ்ரிக்கில் ஊறிப் பிடிக்கும். பையைக் கவிழ்த்து ஊற்றியபோது சலம் சாதாரண மஞ்சளாகத்தான் இருந்தது. இதையெல்லாம் அண்ணிக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அறையில் மூக்கைக் கடிக்கும் அமோனியா நெடி. அதற்குக் கீழே இன்னொரு மணம், சீனி கருகியதும் மீன் பழுதானதும் கலந்ததுபோல. அந்த மணத்தை எனக்குத் தெரியும். நான் தினமும் வேலை செய்யும் அறையில் இருப்பது. அதை அண்ணையின் வீட்டில் மணந்தபோது, ஆய்வுகூடத்திலிருந்து என் பின்னாலேயே ஏதோ வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஒரு சின்னப் போத்தலில் மாதிரி எடுத்துப் போய்த் தட்டில் பூசினேன். மறுநாள் காலை மூடியைத் திறக்க முன்பே விளங்கிவிட்டது. மற்றப் பற்றீரியாக்கள் பூசிய இடத்தில் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். இது நிற்காது. நடுவில் ஒரு துளி வைத்தால், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து பெருகும், பிறகு முழுக்கூட்டமும் ஒன்றாகக் கிளம்பி ஒரு வளையம் நகரும், திரும்பவும் நின்று பெருகும், திரும்பவும் நகரும். குளத்தில் கல் போட்டதுபோல் வளையத்துக்குள் வளையமாகத் தட்டின் விளிம்புவரை போயிருந்தது. நூற்றுக்கணக்கான தடவை கண்டதுதான். இது அண்ணைக்குள்ளிருந்து வந்தது என்பதால் மூடியைக் கையில் வைத்தபடி வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றுவிட்டேன்.

அடுத்து யூரியாச் சோதனை. யூரியா கலந்த மஞ்சள் நிறச் சோதனைக் குழாயில் கொஞ்சம் இட்டு வைத்தால், யூரியாவை உடைக்கும் நொதியம் உள்ள பற்றீரியா அமோனியாவை விடும், மஞ்சள் ரோஸ் ஆகும். சிலதுக்கு ஒரு பகல் எடுக்கும். இது நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மேலிருந்து கடும் ரோஸாக இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணையின் குழாயில் கல் படிந்த காரணம் கிணறு அல்ல, இதுதான். மனிதரின் சலத்தில் எப்போதும் யூரியா உண்டு. இந்தப் பற்றீரியா அதை உடைக்க, அமோனியா சேர்ந்து சலத்தின் புளிப்பு மாறுகிறது. மாறியதும், அதுவரை கரைந்திருந்த மக்னீசியமும் கல்சியமும் பொசுபேற்றும் கரைந்திருக்க முடியாமல் கல்லாக இறங்கிவிடுகின்றன. அந்தக் கல்லுக்குள்ளேயே பற்றீரியாவும் குடியிருந்துகொள்கிறது. அங்கே மருந்து சரியாகப் போய்ச்சேராது. டொக்டர் கொடுத்த மருந்துகளால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நாள் ஆறுதல் கிடைக்கும். பிறகு அந்த மணம், பிறகு "வருகுது".

அந்த நாட்களில் அந்த நொதியத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். படித்த காலத்தில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம், அப்போது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. நொதியத்தின் நடுவில் இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன. யூரியாவை உடைப்பது அந்த இரண்டின் வேலை. அவை இல்லாவிட்டால் நொதியம் முழு உருவத்தோடு இருந்தும் எதுவும் செய்யாது. எங்கள் உடம்பில் நிக்கலை வைத்து வேலை செய்யும் நொதியம் எதுவும் இதுவரை தெரியவில்லை. உழுந்து, கடலை, கச்சான், தேநீர் எல்லாவற்றிலும் மிகச் சிறிதளவு நிக்கல் இருக்கிறது. தேவையில்லாதது என்று உடம்பு அதைச் சலத்தோடு வெளியே விட்டுவிடும். பற்றீரியா அந்த வழியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தோலில் நிக்கலை மட்டும் தேடிப் பிடித்து உள்ளே இழுக்கும் வாசல்கள் உண்டு. உள்ளே வந்ததைத் தனியே திரிய விடாது, நிக்கல் கூடினால் அதற்கே நஞ்சு. ஒரு புரதம் வாங்கி இன்னொன்றிடம் கொடுக்க, அது இன்னொன்றிடம் கொடுக்க, கடைசியில் சில புரதங்கள் சேர்ந்து நொதியத்தைத் திறந்து, நிக்கலை உரிய இடத்தில் இருத்தி மூடிவிடுகின்றன.

இதை நான் அண்ணையிடம் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டார். தன் உடம்பில் பாதியைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வதென்று நான் எனக்குள் ஒரு முடிவு வைத்திருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தேவையில்லாததைத்தான் உவன் எடுக்கிறான்" என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப களவெண்டும் சொல்லேலாது."

அன்றைக்குத்தான் அவர் அதை முதன்முதலாக "உவன்" என்றார். தூரத்தில் நிற்பவனை அவன் என்போம், பக்கத்தில் நிற்பவனை இவன் என்போம். நடுவில், பேச்சில் அடிபடும் தூரத்தில் இருப்பவன் உவன். அண்ணை அதற்குக் கொடுத்த இடம் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது உவன்தான். "உவன் இண்டைக்குச் சத்தமில்லாமல் இருக்கிறான்" என்பார். அண்ணி அந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அண்ணி தன்னால் முடிந்ததைச் செய்தார். எவர்சில்வர்ப் பாத்திரங்களில் நிக்கல் உண்டு என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போனபோது குசினியில் எல்லாம் மண்சட்டி. உழுந்தும் கடலையும் நின்றுவிட்டன. தேநீரும் இல்லை. அண்ணை கொதித்தாறிய தண்ணீரும் சோறும் மீனுமாக மெலிந்து போனார். இப்படி எவ்வளவு குறைத்தாலும் போதாது, உவனுக்குத் தேவைப்படும் அளவு அவ்வளவு சிறியது என்று நான் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எண்டாலும் நாங்கள் குடுக்கக் கூடாது" என்றார்.

எனக்கும் ஒன்று செய்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. வேலை முடிந்த பிறகு, மேலதிகாரி அனுமதியோடு, அண்ணையின் பற்றீரியாவைத் தனியே வளர்த்தேன். இரத்தம் உறையாமலிருக்கக் குழாய்களில் போடும் உப்பு ஒன்று உலோகங்களைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதைச் சிறிதளவு சேர்த்த ஊடகத்தில் மாற்றி மாற்றி ஒரு கிழமை வளர்த்துவிட்டு, அதே உப்புச் சேர்த்த யூரியாக் குழாயில் இட்டேன். அந்த உப்பு நிக்கலை மட்டும் பிடிப்பதில்லை, ஆகவே ஒழுங்கான ஆராய்ச்சி என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் பற்றீரியா முளைத்தது. குழாய் கலங்கியது. நிறம் மாறவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கும் சிநேகிதி எனக்கு உண்டு. அவளிடம் நிக்கல் உப்புக் கொஞ்சம் வாங்கி வந்தேன். பச்சைப் பளிங்குகள், பார்க்கக் கற்கண்டு மாதிரி. அதைக் கரைத்து, மூன்றாம் நாள் காலை அந்த மஞ்சள் குழாய்களில் ஒன்றில் சொட்டுச் சொட்டாக விட்டேன். விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். மத்தியானம் வந்து பார்த்தபோது அந்த ஒரு குழாய் ரோஸாக மாறியிருந்தது. பக்கத்துக் குழாய்கள் மஞ்சளாகவே இருந்தன.

நான் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டேன். வாசித்ததுதான், நிக்கல் இல்லாத இடத்திலும் அது நொதியத்தைச் செய்யும். வெறுமையாகச் செய்து, நடுவில் இரண்டு இடத்தை விட்டு, வைத்திருக்கும். வாசிப்பது ஒன்று. இரண்டு நாள் அசையாமல் இருந்தது ஒரு துளிக்காகத்தான் என்பதை முன்னால் வைத்துப் பார்ப்பது இன்னொன்று. மண்சட்டியில் சோறு வடிக்கும் அண்ணியை நினைத்தேன். இதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.

மருந்தும் அடைப்புமாக இரண்டு வருடத்துக்கு மேல் போன பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மருந்தால் அழிந்து, வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து தொற்றுகிறதா, அல்லது அதேதான் திரும்பத் திரும்ப வருகிறதா? புதிது என்றால் அண்ணி குழாய் மாற்றும் விதத்தில் பிழை. அண்ணி அப்படித்தான் நினைத்துத் தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடிக்கக் கழுவிக்கொண்டிருந்தார். அதேதான் என்றால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஆனால் சலப்பையை ஸ்கான் பண்ணிப் பார்த்ததில் கல் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்திருந்தார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பை நிறம் மாறிய அன்று கிடைத்த பற்றீரியாவை நான் எறியவில்லை. ஒரு சின்னக் குழாயில் குத்தி, மெழுகால் அடைத்து, பெயர் எழுதாமல் திகதி மட்டும் எழுதிக் குளிர்ப்பெட்டியின் மூலையில் வைத்திருந்தேன். வைத்திருக்கக்கூடாது. ஏன் வைத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டரை வருடம் அது அங்கே இருந்தது. குளிர்ப்பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் என் கண் அந்த மூலைக்குப் போய்வரும்.

தட்டில் நகரும் இந்தப் பற்றீரியாவுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு துளிகளை ஒரே தட்டில் எதிரெதிரே வைத்தால் இரண்டும் வளையம் வளையமாக நகர்ந்து நடுவில் சந்திக்கும். இரண்டும் வேறு வேறு குலமென்றால் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று தாக்கும், நடுவே ஒரு கோடு விழும். கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே குலமென்றால் கோடு விழாது. இரண்டும் கலந்து ஒரே விரிப்பாகிவிடும். ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்கின்றன என்பதைத் தவிர வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மெழுகை உடைத்துப் பழையதை எழுப்பினேன். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அது எழும்பும் என்று பாதிதான் நம்பியிருந்தேன். ஒரே இரவில் எழும்பி வந்தது. அந்தக் கிழமை அண்ணையிடமிருந்து எடுத்ததையும் அதையும் ஒரே தட்டில் இரண்டு கரையில் வைத்தேன். சரிபார்க்க, வேறொரு நோயாளியுடையதை வேறு தட்டில் அண்ணையுடையதற்கு எதிரே வைத்தேன்.

அடுத்த நாள் காலை ஆய்வுகூடத்தில் நான் மட்டும்தான். தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வேறொருவருடையது வைத்த தட்டில் நடுவே கத்தியால் கீறியதுபோல் கோடு. அண்ணையின் பழையதும் புதியதும் வைத்த தட்டில் ஒன்றுமில்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நான் திருப்பித் திருப்பித் தேடினேன். இரண்டரை வருடம் குளிர்ப்பெட்டியில் கிடந்ததும், இரண்டரை வருடம் அண்ணைக்குள் இருந்ததும், பிரிந்ததே இல்லை என்பதுபோல் சேர்ந்திருந்தன. அறையில் அந்தக் கருகல் மணம். என் கைகளைப் பார்த்தேன். மயிர் குத்திட்டு நின்றது.

தட்டையே எடுத்துக்கொண்டு அண்ணையைப் பார்க்கும் சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனேன். நிதானமான மனிதர். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார், தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் சலப்பையைத்தானே பாத்தனாங்கள்" என்றார். "மேலை பாக்கேல்லை."

அன்றைக்கே அண்ணையை வரவழைத்து வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தின் இடது பக்கத்தில் வெள்ளையாக ஒரு மான்கொம்பு இருந்தது. அடி தடித்து, கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் நுனியில் உருண்டு. சிறுநீரகத்தின் உட்குழிகளையெல்லாம் நிரப்பி, அந்தக் குழிகளின் வடிவத்திலேயே வளர்ந்த கல். அங்கிருந்துதான் இரண்டரை வருடமாக, ஒருவேளை அதற்கும் முந்தி, உவன் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். வேறு ஆள் என்றால் நோவில் துடித்திருப்பார், முதல் வருடமே பிடிபட்டிருக்கும். அண்ணைக்கு அங்கே நோவு இல்லை. தன்னுடைய உடம்புக்குள் கொம்பு முளைத்ததை அவர் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தார்.

அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப என்ரை கையாலை வந்ததில்லை" என்றார். டொக்டர் இல்லை என்றார். அண்ணி கதவுக்கு வெளியே போய் நின்று அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. முதுகுப் பக்கத்தால் துளையிட்டு, கல்லை உள்ளே வைத்தே உடைத்து எடுத்தார்கள். இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. முதல் தடவைக்குப் பிறகு அண்ணைக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, மூன்று நாள் அவர் எங்களை அடையாளம் காணவில்லை. கல்லை உடைத்தபோது உள்ளே இருந்ததெல்லாம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்த மூன்று நாளும் அவர் யாரோடோ மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார். கப்பல் பாஷை, பாதி ஆங்கிலம். "விலத்தி நில்" என்று ஒருமுறை தமிழில் சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

கல்துண்டுகளை ஒரு போத்தலில் போட்டு என்னிடம் தந்தார்கள். அழுக்கு வெள்ளை நிறம், கடலில் விளையும் முருகைக்கல் மாதிரிச் சொரசொரப்பு. கையில் எடுத்தால் எதிர்பார்த்த பாரம் இல்லை. ஒரு துண்டின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியில் கழுவி, நடுவை மட்டும் உடைத்துப் பொடி செய்து பூசினேன். வளையங்கள் வந்தன. பழையது, புதியது இரண்டுக்கும் எதிரே வைத்தேன். கோடு விழவில்லை.

அண்ணை வீட்டுக்கு வந்த பிறகு போத்தலைப் பார்க்க வேண்டும் என்றார். கொதிநீராவியில் அவித்துக் கிருமி நீக்கித்தான் கொண்டுபோனேன். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விரலால் தடவினார்.

"உதுக்குள்ளை இப்ப ஆரும் இல்லையோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் செத்துப்போச்சு. நான் வைச்சிருந்ததையும் சேத்து அழிச்சிட்டன்."

அவர் தலையாட்டினார். பின்னேரம் நான் வெளிக்கிடும்போது, தன்னோடு இத்தனை காலம் இருந்த ஒன்று, தான் அதன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்போல இருந்தார். ஆய்வுகூடத்தில் அந்தக் குழாய்களை அவிக்கும் யந்திரத்துக்குள் வைத்துக் கதவைத் திருகியபோது நானும் சிறிது நேரம் கைபிடியை விடாமல் நின்றேன்.

அந்தத் துண்டுகளை அண்ணி வீட்டு வளவில் புதைக்க விடவில்லை. கடலில் போடவும் விடவில்லை. கடைசியில் நான் திரும்பக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்தேன்.

ஐந்து மாதம் "வருகுது" இல்லாமல் போனது. அண்ணை தேநீர் குடித்தார், உடம்பும் கொஞ்சம் தேறியது. குழாய்கள் மாத முடிவில் சுத்தமாகக் கழன்று வந்தன. ஆறாம் மாதம் வழக்கமான சோதனைக்குக் கொண்டுவந்த சலத்தில் ஏதோ முளைத்தது. குழாய் போட்டவர்களுக்கு ஏதாவது ஒன்று வந்து சேராமல் இராது, அது எனக்குத் தெரிந்ததுதான். என்றாலும் தட்டை உடனே ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வளையம் இல்லை. புள்ளி புள்ளியாக, போட்ட இடத்தில் நின்றது. யூரியாக் குழாயை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், மஞ்சளாகவே இருந்தது.

மத்தியானம் அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, காய்ச்சல் இல்லாதபடியால் மருந்தும் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன். பின்னால் கடல் இரைவது கேட்டது.

"கல்லுக் கட்டுமோ?"

"கட்டாது அண்ணை."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.